நொடிக்கு இருநூற்று நாற்பது எழுத்து

அத்தியாயம் 9

செத்துப்போய்விட்டதாக எல்லோரும் முடிவு கட்டிவிட்ட ஒரு மனிதர் எழுதிய கடிதத்தில் கணக்கு தப்பு என்று மேடம் சொன்னபோது, அவருடைய மனைவி கொடுத்த பிஸ்கட்டில் நாலாவது என் வாயில் இருந்தது. இந்த மாதிரி வீடுகளில் எத்தனை பிஸ்கட் வரை மரியாதை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“எந்தக் கணக்கு மேடம்?” என்று கேட்டதில் பாதி பிஸ்கட் கடிதத்தின் மேல் உதிர்ந்தது.

“தட்டிவிட்டுட்டுக் கேளு, வால்.”

வால் என்பது நான். ஆட்களைப் பின்தொடர்வது என் உத்தியோகம் என்பதால் மேடம் வைத்த பெயர். நான் பின்தொடர்ந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி நின்று எனக்கு வழி சொல்லியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மேடம் துப்பறிய வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ரயில் கால அட்டவணை, பரீட்சை முடிவு, மருந்துச் சீட்டின் பொடி எழுத்து என்று எதைக் கொடுத்தாலும், அதில் தப்பான இலக்கம் ஒன்று தானாக எழுந்து அவரைப் பார்த்துக் கையாட்டும். அந்தப் பார்வையை என் சம்பளச் சீட்டின் பக்கம் மட்டும் அவர் திருப்புவதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பள்ளி வேன் ஓட்டும் பெண்மணி. மூன்று நாளாக வேனும் ஓடவில்லை, அவரும் தூங்கவில்லை. அவருடைய கணவர் ஒரு மோடம் மெக்கானிக். இயந்திரம் பேசுவதை டெலிபோன் கம்பியில் போகிற கீச்சுச் சத்தமாக மாற்றும் பெட்டிக்கு மோடம் என்று பெயர். ஒரு காலத்தில் இணையமே அந்தக் கீச்சில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தது. இப்போது அலாரம் கம்பெனிகளைத் தவிர எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். கிடங்குகளில் புகையோ வாயுவோ கிளம்பினால், அங்கே சுவரில் இருக்கும் பெட்டி தானாக டெலிபோன் போட்டு, கண்காணிப்பு நிலையத்துக்குச் சேதி சொல்லும். அந்தப் பெட்டிகளை உயிரோடு வைத்திருந்தவர் இவர்.

பன்னிரண்டு நாள் முன்பு ஒரு ரசாயனக் கிடங்கில் வாயு கசிந்தது. நிலையத்துக்குச் சேதி வரவில்லை. காவலாளி மூச்சு முட்டி இறந்துபோனார். மூன்று நாள் முன்பு மெக்கானிக் காலையில் வேலைக்குப் போனார். மாலையில் அவருடைய பைக் மட்டும் ஆற்றுப் பாலத்தில் நின்றது. அதே மாலை மனைவிக்கும் கம்பெனிக்கும் அவருடைய முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைத்தான் அச்செடுத்து என் பிஸ்கட்டுக்குக் கீழே வைத்திருந்தோம்.

‘ரசாயனக் கிடங்கில் நடந்த சாவுக்கு நானே காரணம். அங்கே 9600 வேகத்தில், அதாவது நொடிக்கு 1200 எழுத்து அனுப்பிக்கொண்டிருந்த பெட்டியை, சோதனைக்காக 300 வேகத்துக்கு, அதாவது நொடிக்கு முப்பத்தேழரை எழுத்துக்கு இறக்கி, திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். 1200 வேகத்தில், அதாவது 150 எழுத்தில் வைத்திருந்தால்கூட எச்சரிக்கை வந்து சேர்ந்திருக்கும். இந்தக் குற்ற உணர்ச்சியோடு வாழ முடியாது. யாரும் என்னைத் தேட வேண்டாம். 2400 வேகத்தில், நொடிக்கு 240 எழுத்தாக வேலை நடந்த இடத்தில்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.’

காதலியை நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மோடத்தின் வேகத்தை நினைத்து அழுதவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

“அஞ்சு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து ஒருத்தர் வர்றாராம்” என்றார் அந்தப் பெண்மணி. “லெட்டர் அவரோடதுதான்னு நான் கையெழுத்துப் போடணுமாம். போட்டுட்டா ஆத்துல தேடுறதோட நிறுத்திடுவாங்க. வேற எங்கயும் தேட மாட்டாங்க.”

“போடாதீங்க” என்றார் மேடம். “அவர் கையால எழுதின கணக்கு ஏதாவது வீட்ல இருக்கா?”

அவர் உள்ளே போய் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். கம்பெனியின் பெட்டிகள் இருக்கும் ஒவ்வொரு இடமும், அதன் வேகமும், அந்த வேகத்தில் நொடிக்கு எத்தனை எழுத்து போகும் என்பதும் பொடி எழுத்தில் இருந்தன. மேடம் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துக் கடிதத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தார். பழைய தொழில் பழக்கம். வரிவரியாகத்தான் இறங்குவார்.

“கடிதத்துல 9600க்கு ஆயிரத்திருநூறு. நோட்டுல தொள்ளாயிரத்து அறுபது. கடிதத்துல 300க்கு முப்பத்தேழரை. நோட்டுல வெறும் முப்பது. 1200க்கு அதுல நூத்தைம்பது, இதுல நூத்திருபது.”

“வேகத்தைக் கூட்டிச் சொல்லியிருப்பாரோ? என் ஸ்கூட்டரைப் பத்தி நானும் அப்படித்தான் சொல்லுவேன்.”

“ஒரே மாதிரியாவா கூட்டுவாங்க?” கடைசி வரிக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்துப் பைக்குள் போட்டார். “இது வெறும் புலம்பல். கிளம்பு.”

பெண்மணியும் எழுந்து வேன் சாவியை எடுத்தார். “நான் ஓட்டுறேன். வீட்ல உக்காந்தா சுவர் பேசுது.”

* * *

கண்காணிப்பு நிலையம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. அடுத்தவர்களின் ஆபத்துக்குக் காவல் இருக்கும் கம்பெனி அது. பெண்மணி கீழே வேனிலேயே இருந்தார். நாங்கள் ஏறினோம். நான் இரண்டாவது மாடியில் என் ஆயுளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினேன்.

ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக விளக்குகள் இமைத்தன. ஒவ்வொரு புள்ளியும் ஊருக்குள் ஏதோ ஒரு கிடங்கு. ஒரு மூலையில் பழைய டெலிபோன் ஒன்று. அதன் பக்கத்து அலமாரியில், சுற்றிலும் தூசி படிந்திருக்க நடுவில் மட்டும் சுத்தமாக ஒரு செவ்வகம். ஏதோ ஒரு பெட்டி வெகுகாலம் உட்கார்ந்திருந்து, சமீபத்தில் எழுந்துபோன அடையாளம்.

மேலாளர் முகத்தை ‘இன்று விடுமுறை’ என்ற பலகை மாதிரி வைத்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர்.

“போலீஸ் வந்துட்டுப் போயாச்சு. நீங்க யாரு புதுசா?”

“அவர் சம்சாரம் அனுப்பினாங்க” என்றார் மேடம்.

அதைக் கேட்டதும் பலகை கொஞ்சம் சாய்ந்தது. “அவன் என்கிட்ட பதினாறு வருஷமா வேலை பார்த்தவன்மா. வந்து உக்காருங்க.”

அந்த நேரம் மூலையிலிருந்த டெலிபோன் அடித்தது. சுவர்க் கடிகாரம் சரியாக மூன்று. மேலாளர் எடுத்துக் காதில் வைத்தார். எனக்கே கேட்டது. ஒரு கீச்சு. அப்புறம் நிசப்தம். இரண்டு நொடி கழித்து மறுபடி ஒரு கீச்சு. அவர் வைத்துவிட்டார்.

“எவனோ பேக்ஸ் அனுப்புறான். நம்பர் தப்பாப் போடுறான். சும்மா தொல்லை.”

மேடம் அலமாரியைக் காட்டினார். “இங்க என்ன இருந்தது?”

“மோடம். வெளியிலேருந்து வர்ற அழைப்பை எடுத்துக் கேக்குற பெட்டி. போன மாசம் சின்னவர் கழட்டிட்டாரு. முதலாளியோட மருமகன், இன்ஜினியர். எல்லாப் பெட்டியையும் புது லைனுக்கு மாத்தியாச்சு, இனிமே இது வேண்டாம்னாரு.”

“எல்லாப் பெட்டியையும் மாத்தினாங்களா?”

அவர் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு சின்ன சந்தேகம்” என்றார் மேடம். “1200 வேகம்னா நொடிக்கு எத்தனை எழுத்து?”

“நூத்திருபது.” யோசிக்கவே இல்லை. தன் பிள்ளையின் வயதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“1200 வேகம்னா நொடிக்கு 1200 பிட். ஒரு எழுத்துக்கு எட்டு பிட்டுதானே? எட்டால வகுத்தா நூத்தைம்பது வருதே?”

“அது புத்தகத்துல. பழைய கம்பியில எழுத்து தனியாப் போகாதும்மா. முன்னாடி ஒரு பிட் போய் ‘இதோ வர்றேன்’னு சொல்லும். பின்னாடி ஒரு பிட் ‘வந்து சேர்ந்துட்டேன்’னு சொல்லும். எட்டும் ரெண்டும் பத்து. பத்தாலதான் வகுக்கணும்.”

“மந்திரி கார் மாதிரி” என்றேன். “முன்னாடி ஒரு ஜீப், பின்னாடி ஒரு ஜீப்.”

“அதேதான். கம்பியில கை வெச்சவன் எவனும் எட்டால வகுக்க மாட்டான். படிச்சுட்டு மட்டும் வந்தவன் வகுப்பான்.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ‘வாயை மூடிக்கொண்டு என் பின்னால் வா’ என்று பொருள். மந்திரி காரின் பின் ஜீப் மாதிரி போனேன்.

சின்னவருக்குக் கண்ணாடித் தடுப்புக்குள் தனி அறை. முப்பத்திரண்டு வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னார், எனக்கும்கூடத் தேநீர் வரவழைத்தார். அவ்வளவு மரியாதையாக என்னை நடத்துகிறவர்களை நான் உடனே நம்பிவிடுவேன். இது என் தொழிலுக்கு ஆகாத வியாதி.

“ரொம்ப நல்ல மனுஷன் மேடம். லெட்டரைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல.” அவருடைய கண் நிஜமாகவே கலங்கியது.

“எனக்கு இந்த வேகக் கணக்குதான் புரியல” என்றார் மேடம், அசட்டுத்தனமாக. அந்த அசட்டுத்தனத்தை அவர் வருடத்துக்கு இரண்டு முறைதான் வெளியே எடுப்பார். “300 வேகம்னா என்ன, 1200 வேகம்னா என்ன? கொஞ்சம் சொல்லித் தாங்களேன்.”

“ரொம்ப சுலபம் மேடம்.” ஒரு தாளை இழுத்தார். “எட்டு பிட் ஒரு பைட். ஒரு பைட்டுன்னா ஒரு எழுத்து. 1200ஐ எட்டால வகுங்க, நூத்தைம்பது. 300ஐ வகுங்க, முப்பத்தேழரை. அவ்ளோதான்.”

முப்பத்தேழரைக்குக் கீழே அழகாக ஒரு கோடு போட்டார்.

“அந்தத் தாளை நான் வெச்சுக்கலாமா?” என்றார் மேடம்.

“தாராளமா.” புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் பேனாவுக்கு மூடி போட மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை விரலில் மை.

* * *

படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கியதும் மேடம் நின்றார்.

“கடிதம் அந்த ஆள் தலையிலேருந்து வந்தது” என்றார். “சாவுக்குக் காரணமும் அவன்தான். ரசாயனக் கிடங்கை மாத்தாமலே, எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொல்லி இங்க மோடத்தைக் கழட்டிட்டான். அன்னிக்குப் பெட்டி கூப்பிட்டிருக்கு. பதில் சொல்ல இங்க மோடம் இல்ல. மெக்கானிக் அதைக் கண்டுபிடிச்சிருப்பாரு.”

“அப்போ பிடிச்சுட்டோம்.”

“வால்.” குரல் தணிந்தது. “உயிரோட இருக்கற ஆளை மிரட்டினா, அவரே எழுதிக் குடுத்திருப்பாரு. எழுதற கை கிடைக்காதப்பதான் இவன் கையால எழுதணும்.”

கீழே வேனில் அந்தப் பெண்மணி.

“நான் இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்றேன். நீ போய் அவங்ககிட்ட பக்குவமா சொல்லு.”

இத்தனை வருடத்தில் மேடம் எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே மோசமானது இது. நாய் துரத்தியது, சாக்கடையில் விழுந்தது எல்லாம் இதற்கு முன்னால் சுற்றுலா. வானம் மூடிக்கொண்டு நின்றது. வேனின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்காரும் இடம் குழந்தைகளுக்கானது. என் முழங்கால் தாடையில் இடித்தது. ஒரு வெள்ளைக் கார் எங்களைத் தாண்டி வேகமாகப் போனது. ஆட்களைக் கவனிப்பதுதான் என் தொழில் என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

“என்ன சொன்னாங்க, அண்ணா?”

பக்குவமாக ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் என் வாயிலிருந்து எப்போதும் உளறல்தான் வரும். “இல்லைங்க... அந்தக் கடைசி வரியை நினைச்சுட்டிருந்தேன். ரெண்டாயிரத்து நானூறு வேகத்துல நிம்மதியா இருந்தேன்னு. பாவம், அந்த வேகத்து மேல அவருக்கு அவ்ளோ பாசம்போல.”

“அது ஒண்ணுதான் எனக்கும் ஆறுதல்” என்றார் அவர். மடியில் அந்த நோட்டு திறந்திருந்தது. “மத்ததெல்லாம் தப்பாப் போட்டாலும், அதை மட்டும் சரியாப் போட்டிருக்காரு பாருங்க. 2400க்கு இருநூத்திநாப்பது. நோட்டுலயும் அதேதான்.”

நான் தலையாட்டினேன். ஆட்டிய தலை பாதியில் நின்றது.

நான் கணக்கில் புலி இல்லை. ஆனால் இருபத்துநாலை எட்டால் வகுத்தால் மூன்று என்பது எனக்கும் தெரியும். சின்னவர் எழுதியிருந்தால் அங்கே முந்நூறு இருக்க வேண்டும்.

வேனை விட்டு இறங்கி ஓடினேன். என்னை ஓட வைக்க இதுவரை நாயால் மட்டும்தான் முடிந்திருக்கிறது.

“மேடம். கடைசி வரி. பத்தால வகுத்திருக்கு.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். பையிலிருந்து கடிதத்தைப் பிரித்து, ஸ்கேலை வைக்காமல் நேராகக் கடைசி வரியைப் படித்தார்.

“புலம்பல்னு விட்டுட்டேன். பத்தொன்பது வருஷம் இதையே சொல்லிச் சொல்லி மத்தவங்களைத் திட்டியிருக்கேன், கடைசி வரியை விடாதேன்னு.” ஒரு நொடி கண்ணை மூடினார். “வால், எட்டால வகுத்த மூணும் மெக்கானிக் போட்டிருக்க மாட்டாரு. பத்தால வகுத்த ஒண்ணு அந்த ஆளுக்குத் தோணியிருக்காது. ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்திருக்காங்க. ஒருத்தன் நின்னு சொல்லியிருக்கான். ஒருத்தர் உக்காந்து அடிச்சிருக்காரு. கடைசி வரியை மட்டும் இவரா சேர்த்திருக்காரு. அவன் படிச்சுப் பார்த்து, புலம்பல்னு விட்டுட்டான். என்னை மாதிரியே.”

“அப்போ 2400...”

“இடம்.”

வேனுக்குப் போய் நோட்டை வாங்கிப் புரட்டினோம். நாற்பத்தொரு இடங்கள். 2400 வேகத்தில் ஒரே ஒரு பெட்டி. தொழிற்பேட்டைக் கடைசியில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கு. பக்கத்தில் சிவப்பு மையில் ‘மூடியாச்சு’ என்றும் போன வருடத் தேதியும்.

பெண்மணி அந்தப் பக்கத்தையே பார்த்தார். “அங்க இருக்காரா? உயிரோடவா?”

மேடம் பொய் சொல்லமாட்டார். ஆறுதலுக்காகக்கூட. ஆனால் திடீரென்று நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். “அந்த டெலிபோன்” என்றார்.

* * *

மேலாளர் அதே இடத்தில் இருந்தார். கண்ணாடி அறை காலி. விசிறி ஓடியது. தொடாத தேநீரில் ஆடை படிந்திருந்தது.

“உங்க பேக்ஸ் எத்தனை நாளா வருது?” மேடத்துக்கு மூச்சு வாங்கியது.

“மூணு நாளா. மணிக்கு ஒரு தடவை. நான் இருக்கறப்பல்லாம் எடுத்து வெச்சுடுவேன்.”

“மூடின குளிர்பதனக் கிடங்குல டெலிபோன் லைனை வெட்டியாச்சா?”

“பட்டியல்லேருந்து எடுத்தோம். லைனை யாரும்...” அவர் நிறுத்தினார். கை மெல்ல மேசை விளிம்பைப் பிடித்தது. “பெட்டிக்குக் கரண்ட் குடுத்தா, மணிக்கு ஒரு தடவை சோதனை அழைப்பு அனுப்பும். ‘நான் நல்லா இருக்கேன்’னு. கூப்பிட்டுட்டு, யாராவது இருக்கீங்களான்னு ரெண்டு நொடிக்கு ஒரு தடவை கீச்சும். இந்தப் பக்கம் மோடம் எடுத்துப் பதில் சொன்னாத்தான் மேல பேசும்.”

“சவம் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணாது” என்றார் மேடம்.

மேலாளர் தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, பழைய துணியில் சுற்றிய ஒரு மோடத்தை எடுத்தார். “தூக்கிப் போடச் சொன்னாரு. மனசு வரல.” கம்பியை நான் சொருகினேன். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு.

மூன்று ஐம்பத்தொன்பது.

நான்கு.

டெலிபோன் சும்மா இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். நான்கு ஒன்று. நான்கு இரண்டு.

“மூணுக்கு அடிச்சுது” என்றார் மேலாளர். “நான்தான் எடுத்து வெச்சேன்.”

“நீங்க இங்கயே இருங்க” என்றார் மேடம்.

“வேற எங்க போவேன். அடிச்சா எடுக்கணும்ல.”

* * *

பள்ளி வேன்கள் மெதுவாகத்தான் போகும் என்ற என் நம்பிக்கை அன்றைக்கு முடிந்தது. பெண்மணிக்குப் பதிலாகக் கியர் மட்டும் பேசியது. வழியில் அவருக்கு ஒரு போன். மேடம் எடுத்தார். கையெழுத்து வாங்க வருகிற போலீஸ்காரர்.

“அவங்க வீட்ல இல்ல. நேரா குளிர்பதனக் கிடங்குக்கு வாங்க. உங்க இன்ஸ்பெக்டரும் ஜீப்ல கிளம்பிட்டாரு. அவர் சொல்லுவாரு.”

தொழிற்பேட்டைக் கடைசியில் தார் முடிந்து சரளை தொடங்கியது. ஆளில்லாத கட்டடங்கள். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. கிடங்கின் முன்னால் அந்த வெள்ளைக் கார் நின்றது. இந்தத் தடவை நான் கவனித்தேன்.

வேனிலிருந்த தீயணைப்புச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதை எப்படி இயக்குவது என்று அதன் மேல் ஐந்து படமாகப் போட்டிருந்தது. இரண்டாவது படத்தைத் தாண்டவில்லை. அதற்குள் உள்ளே போய்விட்டோம்.

பெரிய இரும்புக் கதவு, சுவர் கனத்துக்கு. வெளியே ஒரு பூட்டு. கதவுக்கு முன்னால் தரையில் சின்னவர் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கவில்லை. கையில் சாவி. திறக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. எங்களைப் பார்த்து எழுந்து நின்றார், மரியாதையாக.

“எழுதிக் குடுத்தா விட்டுடறேன்னுதான் சொன்னேன் மேடம்” என்றார். “எழுதிக் குடுத்தாரு. அப்புறம் விட்டா சொல்லிடுவாரேன்னு தோணுச்சு. தினமும் வந்து இங்க நிப்பேன். முதல் ரெண்டு நாள் உள்ளேருந்து தட்டினாரு. இன்னிக்குத் தட்டல. தட்டாததுக்கப்புறம் திறக்க பயமா இருக்கு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். இதுவரை கத்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாருக்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

பெண்மணி என்னையும் சிலிண்டரையும் ஒதுக்கிவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். முப்பது குழந்தைகளைத் தினமும் வேனில் அடக்குகிற குரல் அது. சத்தமே இல்லை.

“குடு.”

கொடுத்துவிட்டார்.

கதவு திறந்ததும் புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது. இருட்டு. மேடத்தின் டார்ச் வெளிச்சம் காலி அலமாரிகளைத் தாண்டிச் சுவரோரம் போனது. அங்கே ஒரு பெட்டி திறந்துகிடந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள், கழற்றிய ஓர் அவசர விளக்கின் பேட்டரிக்குப் போயின. பெட்டியில் வெளிச்சம் இல்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். குழாயிலிருந்து துருத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், வாய்க்கு நேராக ஒரு தகர மூடி.

“என்னங்க” என்றார் அந்தப் பெண்மணி. “என்னங்க.”

அசைவில்லை. மேடம் என் கையைப் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

பிறகு தரையிலிருந்து ஒரு குரல், காய்ந்த தாள் கிழிகிற மாதிரி.

“முப்பத்தேழரைன்னு அடிக்கறப்ப... கை கூசிச்சு.”

பெண்மணி அழுதார், சிரித்தார், எந்த வரிசையில் என்று சொல்ல முடியாது. சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். புழுதி.

தண்ணீர் கொடுத்து வெளியே தூக்கி வந்தோம். இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்திருந்தது. சின்னவர் அதன் கதவைத் தானே திறந்துகொண்டு ஏறினார். வேனில் படுக்கவைத்த பிறகு மெக்கானிக் மேடத்தைத் தேடினார்.

“அந்தக் காவலாளியோட பெட்டியில பார்த்தேன்மா. அன்னிக்குப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் யாராவது இருக்கீங்களான்னு கேட்டிருக்கு. நானும் மூணு நாளா கேட்டுட்டேன். கேட்டுட்டே இருக்கறது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியும்.” கண்ணை மூடிக்கொண்டார். “அவர் வீட்டுக்கு நான் போகணும். தப்பு யாரோடதுன்னு சொல்லணும்.”

வேன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. இந்தத் தடவை மெதுவாக.

நான் பின்தங்கி நின்று நிலையத்தின் அந்தப் பழைய எண்ணுக்கு டெலிபோன் செய்தேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

“இருக்கேன்” என்றது மேலாளரின் குரல். “எடுத்துட்டேன், எடுத்துட்டேன். சொல்லுப்பா.”